வங்கியில் எல்லாம் மாறிப்போச்சு, என்ன செய்வது? ஒரு கேள்வி பதில்

பொதுத்துறை வங்கி ஒன்றில் கவுன்டரில் உட்கார்ந்து, பிறகு மேலாளராகி ஓய்வு பெற்றவள் நான். லெட்ஜரில் பேனாவால் எழுதிய காலத்தையும் பார்த்தேன், க்யூஆர் அட்டை ஒட்டாத இளநீர்க் கடை இல்லை என்கிற காலத்தையும் பார்க்கிறேன். பணம், வங்கி விஷயத்தில் வந்த மாற்றங்களில் எது பிடிக்கிறது, எது எரிச்சலாக இருக்கிறது, கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளைப் படித்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வேண்டாம் என்று மறுக்கக்கூடிய மாற்றத்தைக்கூடச் சட்டம் என்று நினைத்துச் சுமக்கிறார்கள். விதிப்படி கேட்டு வாங்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை.

வேலூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் நாணயத்தை வாடிக்கையாளர் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், நான் சில்லறையாகத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். டப்பா நிறையக் கிடக்கிறது. இது செல்லுமா, செல்லாதா?

செல்லும் ஐயா. பெங்களூரில் யாரும் யோசிக்காமல் வாங்குகிற காசு நம் ஊர்களில்தான் அநாதையாகக் கிடக்கிறது. காரணம் ஒரு புரளி. ரூபாய்க்கான புதிய குறியீட்டை அரசு 2010-இல் ஏற்றது. வடிவமைத்தவர் நம் உதயகுமார்தான். 2011 முதல் அச்சான காசுகளில் அந்தக் குறியீடு வந்தது, அதற்கு முந்தையவற்றில் இல்லை. காசின் முகப்பில் கதிர்போல் இருக்கும் கோடுகளும் ஒன்றில் பத்து, இன்னொன்றில் பதினைந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் ‘ஒன்று கள்ளக்காசு’ என்று கிளப்பிவிட்டார். வாட்ஸ்அப் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும். சந்தேகப்படுகிற வாடிக்கையாளரிடம் வாதாடாதீர்கள். 14440 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள், பதிவு செய்த குரலே விளக்கம் சொல்லும். டப்பாவில் கிடப்பதை நூறு நூறாகப் பையில் கட்டிக் கிளைக்குக் கொண்டுபோங்கள். வாங்க மாட்டோம் என்று சொல்லக் கிளைக்கு உரிமை கிடையாது. முகம் சுளிப்பார்கள், அது வேறு. நானும் சுளித்திருக்கிறேன், எண்ணி மாளாது.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். யுபிஐ வந்த பிறகு சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிற வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. உங்களுக்கு நஷ்டமாக இருக்கலாம், எங்களுக்கு இல்லை!

அப்பாவுக்கு 74 வயது. பட்டன் போன்தான். கிளையில் ‘ஆப் போட்டுக்கோங்க சார்’ என்று விரட்டுகிறார்கள். நான் வெளியூரில் இருக்கிறேன். வேறு வழியே இல்லையா?

ஆப் போட்டால்தான் கணக்கு என்று எந்த விதியும் இல்லை தம்பி. பாஸ்புக்கும் பணம் எடுக்கும் படிவமும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது, காசோலை பெற்றுக்கொள்வது போன்ற சேவைகளை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் சொன்னது. வங்கிக்கு வங்கி கட்டணம் மாறும். வாயால் கேட்காமல் ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். காகிதம் வந்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் பிழைப்பின் ரகசியம்.

பட்டன் போனிலேயே பணம் அனுப்ப ‘யுபிஐ 123பே’ 2022-இல் வந்தது. ஒரு எண்ணுக்குப் போன் போட்டு, அது சொல்வதைக் கேட்டு எண்களை அழுத்தினால் போதும். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை அனுப்பலாம். ஆனால் அப்பாவுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். நமக்கு நிம்மதி வேண்டும் என்பதற்காக அவர் கையில் திணிக்காதீர்கள்.

அப்பா ஓய்வூதியம் வாங்குபவர் என்றால் ஒரு மாற்றத்தை அவரே விரும்புவார். நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்றுக்காக வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நீங்கள் ஊருக்குப் போகும்போது உங்கள் போனில் அவர் முகத்தைக் காட்டியே சான்றைப் பதிவு செய்துவிடலாம், கைரேகைக் கருவிகூட வேண்டாம். 80 தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

டீக்குப் பதினைந்து, பார்க்கிங்குக்குப் பத்து என்று எல்லாமே பாஸ்புக்கில் ஏறுகிறது. மாதத்துக்கு ஒரு பாஸ்புக் தீர்கிறது.

யுபிஐ லைட் போட்டுக்கொள்ளுங்கள். அதில் 5,000 ரூபாய் வரை நிரப்பி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமலே கொடுக்கலாம். நிரப்பிய தொகை மட்டும் பாஸ்புக்கில் ஒரு வரியாக ஏறும். போன் தொலைந்தால் அந்தப் பணம் ஆபத்தில் இருக்கும், அதனால் ஐந்நூறு, ஆயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுச் செலவுக்குக் கணவர் ரொக்கமாகக் கொடுப்பார். மீதியில் கொஞ்சம் சேர்த்து வைப்பேன். இப்போது கடைக்காரருக்கு அவரே போனில் அனுப்பிவிடுகிறார். என் கையில் ஒரு ரூபாய் தங்குவதில்லை. பெயர் வேண்டாம்.

சங்கடப்பட ஒன்றுமில்லை அம்மா. இன்று வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான். சிறுவாடு என்று நம் பாட்டிமார் சேர்த்தது விளையாட்டுப் பணம் அல்ல. பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணமும் பிரசவச் செலவும் அதிலிருந்துதான் வந்தன. 2016 நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாது என்றதும் எங்கள் கவுன்டரில் அது வெளியே வந்தது. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் இருந்த நோட்டுகளை மாற்ற வந்த பெண்கள், ‘அவருக்குத் தெரிய வேண்டாம்’ என்று மெதுவாகச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. டிஜிட்டல் பணத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் யாரும் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்கு தொடங்குங்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம். கணவரின் கையெழுத்தோ சம்மதமோ தேவையில்லை, உங்கள் ஆதாரும் புகைப்படமும் போதும், பான் இல்லையென்றால் அதற்கென்று இருக்கும் உறுதிமொழிப் படிவம். போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும். ஓடிபி எந்தப் போனுக்கு வருகிறதோ, கணக்கு அவர் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இருப்புக்குப் பயப்பட வேண்டாம். ஸ்டேட் வங்கி அதை 2020-இல் எடுத்துவிட்டது, கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இல் எடுத்தன. எந்த வங்கியானாலும் ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என்று கேட்டால் இருப்பே இல்லாமல் தர வேண்டும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்பு போடலாம்.

அப்புறம், வீட்டுச் செலவுப் பணத்தை மாதத் தொடக்கத்தில் உங்கள் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள், கடைக்காரருக்கு நீங்கள் அனுப்புங்கள். ‘உங்களுக்கு ஏன் தினமும் பத்து போன்’ என்று சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் காரணம் எடுபட்டிருக்கிறது.

ஏடிஎம்மில் பணம் எடுத்தாலே 23 ரூபாய் பிடிக்கிறார்களே?

எடுத்தாலே இல்லை. இலவசத் தடவைகள் தீர்ந்த பிறகு. மாதத்துக்குச் சொந்த வங்கி ஏடிஎம்மில் ஐந்து, மற்ற வங்கியில் சென்னை போன்ற பெருநகரத்தில் மூன்று, பிற ஊர்களில் ஐந்து. 2025 மே முதல் உச்சவரம்பு 23. மற்ற வங்கி ஏடிஎம்மில் இருப்பு பார்ப்பதும் ஒரு தடவையாகக் கணக்காகும், அதைப் போனில் பாருங்கள்.

கடையில் ஸ்கேன் பண்ணினேன், பணம் போய்விட்டது, கடைக்காரருக்கு வரவில்லை. மறுபடி கொடுத்துவிட்டு வந்தேன். முதல் பணம் எட்டாவது நாள்தான் திரும்பியது. இதெல்லாம் விதி என்று விட்டுவிட வேண்டியதுதானா?

விடாதீர்கள்! ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்குக் கொடுத்த யுபிஐ பணம் ஐந்து நாளைக்குள் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் மறுநாளே. அதைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலும் இதே ஐந்து நாள், இதே நூறு ரூபாய். நீங்கள் கேட்காமலே வரவு வைக்க வேண்டும் என்பதுதான் விதி. நடைமுறையில் கேட்க வேண்டியிருக்கிறது. பரிவர்த்தனை எண்ணுடன் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படி என்று 14448-இல் கேட்டுக்கொள்ளுங்கள்.

செக் ஒரே நாளில் பாஸாகிறது. எனக்கு இது பெரிய தொந்தரவு. இன்று செக் கொடுத்துவிட்டு, நாளை வசூல் வந்ததும் கணக்கில் பணம் போட்டுத்தான் இத்தனை வருடம் தொழில் நடந்தது. (திருப்பூர், ஜாப் வொர்க் யூனிட்)

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. உங்களைப் போல் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். ‘மேடம், மூணு மணிக்குள்ள போட்டுடறேன்’ என்று போன் வரும், நாங்களும் காத்திருப்போம். அந்தக் காலம் முடிந்தது. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் மூட்டையாகச் சேர்ந்து போவதில்லை. கிளைக்கு வரவர ஸ்கேன் ஆகிப் போகின்றன. உங்கள் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஆமாம், இல்லை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பாஸானதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

திரும்பினால் வங்கிக் கட்டணத்தோடு போகாது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138 இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் தராவிட்டால் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறையோ செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ. ஆகவே, பணம் வரும் தேதியைப் போட்டே செக் எழுதுங்கள். வாங்குபவர் முறைத்தாலும் பரவாயில்லை. ஒன்றிரண்டு நாள் இடைவெளிக்கு ஒரு சின்ன ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி) வரம்பு கேளுங்கள், எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. இன்னொரு பக்கமும் பாருங்கள்: உங்களுக்கு வரும் செக்கும் அன்றே வருகிறது. பெரிய கம்பெனி செக் கொடுத்துவிட்டு இழுத்தடித்த அந்த இரண்டு நாள் இனி உங்களுடையது.

வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர், ‘உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்’ என்றார். கட் செய்துவிட்டேன். சரிதானே?

மிகச் சரி. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. யாராவது பணம் அனுப்பித் தொலைத்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. இன்னொன்று: பணம் பெற யுபிஐ ரகசிய எண் (பின்) தேவையே இல்லை. போடச் சொன்னால் உங்களிடமிருந்து எடுக்கிறார்கள்.

தாத்தா பெட்டியில் தஞ்சாவூர் வங்கி பாஸ்புக் ஒன்று கிடைத்தது. அப்படி ஒரு வங்கியே இல்லை என்கிறார்கள். பணம் போனதுதானா?

வங்கி போனது, பணம் போகவில்லை. பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கியில் சேர்ந்தது. அதே வருடம் பேங்க் ஆஃப் தமிழ்நாடு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் சேர்ந்தது. மதுரை வங்கி 2001-இல் ஐசிஐசிஐ ஆனது. கரூர் லட்சுமி விலாஸ் 2020 நவம்பரில் டிபிஎஸ் ஆனது. பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பாக்கித் தொகையும் கூடவே புது வங்கிக்குப் போய்விடும். பத்து வருடம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். அப்போதும் வாரிசுகள் வங்கி வழியாகக் கேட்கலாம், அதற்குக் காலக்கெடு இல்லை.

ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில் தாத்தா பெயரைப் போட்டுத் தேடுங்கள். பாஸ்புக்கில் இருக்கும் எழுத்துக்கூட்டல் எப்படியோ அப்படியே போடுங்கள், முன்னெழுத்தை முன்னும் பின்னும் மாற்றியும் பாருங்கள். அதில் இல்லையென்றாலும் பாஸ்புக் நகலுடன் இந்தியன் வங்கிக் கிளையில் எழுதிக் கேளுங்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். ஒரிஜினல் பாஸ்புக்கைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். மனு கொடுத்ததற்கு முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.