பெட்டிக்கடையில் நள்ளிரவு மது விற்பனை

கேள்வி: எங்கள் தெருப் பெட்டிக்கடையில் இரவு 11 மணிக்கு மேல் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு மதுபாட்டில் விற்கிறார்கள். குடித்தவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துவிடுகிறார்கள். யாரிடம் முறையிடுவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்கும் உரிமை டாஸ்மாக் நிறுவனத்துக்கே உரியது; அதன் கடைகளும் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரைதான் இயங்கலாம் என்பதால், பெட்டிக்கடையில் எந்த நேரத்தில் விற்றாலும் அது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமே. திண்ணைக்குக் கம்பிக்கதவு போட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிப் போகவேண்டிய அவசியமே இல்லை, அம்மா. கடைக்காரரிடம் வாக்குவாதம் செய்யாமல், விற்பனை நடக்கும்போதே காவல்துறை மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 என்ற கட்டணமில்லா எண்ணுக்குத் தெரிவியுங்கள். தெருக்காரர்கள் அனைவரும் கையெழுத்திட்ட மனுவைத் திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மறவாமல் ஒப்புகைச் சீட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்.