கேன்சர் மருந்து கண்டுபிடிக்க டாக்டர் சீட் தேவையில்லை

வணக்கம் அம்மா. பாட்டிக்குப் புற்றுநோய் வந்ததிலிருந்து "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கணும்" என்று உங்கள் மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்ட பெரியப்பாவும் மாமாவும் "அப்போ டாக்டருக்குத்தான் படிக்கணும், மார்க் போதாவிட்டால் பணம் கட்டி சீட் வாங்கிடலாம்" என்று முடிவே செய்துவிட்டார்கள். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லும் நேரம் இதில்லை. வைக்காதீர்கள்.

நோயாளிக்கு மருந்து கொடுப்பது ஒரு வேலை, அந்த மருந்தை உருவாக்குவது வேறு வேலை. உங்கள் மகள் சொன்னது இரண்டாவதை. ஊசி போடுவதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரு குறையும் சொல்லியிருக்கிறீர்கள்: படிக்காமல் இருட்டில் உட்கார்ந்து டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்து "ஏன் சிவப்பு மட்டும் தெரியுது?" என்று கேட்கிறாளாம். அம்மா, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு துறையே இருக்கிறது.

நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடுகிறது, சிவப்பை அவ்வளவாக விழுங்குவதில்லை. அதனால்தான் கை சிவப்பாக ஒளிர்கிறது. இதே காரணத்தால்தான் ஒளியால் வேலை செய்யும் புற்றுநோய் மருந்துகள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். இந்தச் சிகிச்சையை ஃபோட்டோடைனமிக் தெரபி என்பார்கள். இருட்டில் அந்த மருந்து கிட்டத்தட்டச் சும்மா கிடக்கும். அதற்குரிய அலைநீளத்தில், அதாவது அதற்குப் பொருந்தும் நிறத்தில், ஒளி பட்டதும் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனை மூர்க்கமான ஒரு வடிவத்துக்கு மாற்றிவிடும், அது செல்லைக் கொல்லும். அந்த ஆக்சிஜனின் ஆயுள் மிகமிகக் குறைவு, ஒரு செல்லின் அகலத்தைக்கூடத் தாண்டாது. ஆக மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றும் சேரும் இடத்தில் மட்டும்தான் சேதம்.

இந்த வகையில் முதலில் அனுமதி பெற்றது போர்ஃபிமர் சோடியம், 1993இல் கனடாவில், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு. 1995இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு. நரம்பு வழியாக ஏற்றி, 40 முதல் 50 மணி நேரம் காத்திருந்து, 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். சிக்கல் என்னவென்றால் மருந்து தோலிலும் தங்கிவிடும், குறைந்தது 30 நாள் வெயிலில் போகக் கூடாது, வீட்டுக்குள் பிரகாசமான விளக்குகூட ஆகாது. கட்டிக்குப் போக வேண்டிய மருந்து உடம்பெல்லாம் போனால் இதுதான் கதி.

சரி, கட்டிக்கு மட்டும் எப்படி அனுப்புவது? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசடகா கோபயாஷி குழு, புற்றுநோய்ச் செல்லின் மேலுள்ள புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒளிக்கு வினைபுரியும் சாயத்தை ஒட்டி அனுப்பியது. ஆய்வு 2011இல் வெளியானது. 690 நானோமீட்டர் ஒளி பட்டால் சாயம் ஒட்டிய செல்லின் சவ்வு சிதைந்து, செல் உப்பி வெடிக்கிறது, ஒட்டாத பக்கத்துச் செல் பெரும்பாலும் தப்பிக்கிறது. 2020இல் ஜப்பான் இதைத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. வேறொரு வழியில், மருந்தை லைப்போசோம் என்ற கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து அனுப்புகிறார்கள்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை, அதனால்தான் ஆள் தேவை. சிவப்பு ஒளி திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர் போவதே பெரிய விஷயம், ஆழத்தில் உள்ள கட்டிக்கு மெல்லிய ஒளியிழையை உள்ளே செலுத்தியாக வேண்டும். ஆக்சிஜன் குறைந்த கட்டிகளில் மருந்து தடுமாறுகிறது. இன்னும் ஆழமாகப் போகும் நீண்ட அலைநீள ஒளியை உறிஞ்சும் மூலக்கூறைச் செய்ய வேதியியல் தெரிந்தவர் வேண்டும், அதைச் சுமந்து போகும் பொருளைச் செய்ய மருந்தியல் படித்தவர் வேண்டும், எவ்வளவு ஒளி எங்கே சேர்ந்தது என்று அளக்க இயற்பியல்காரர் வேண்டும். இவர்களில் யாருக்கும் மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இளநிலையில் புற்றுநோய் மருந்து ஆய்வு என்ற பெயரிலேயே பட்டம் தேடாதீர்கள். மிக நுண்ணிய பொருள்களைக் குறிக்கும் "நானோ" என்ற சொல்லைப் பெயரில் ஒட்டவைத்து இரட்டிப்புக் கட்டணம் கேட்கும் படிப்புகள் பக்கமே போக வேண்டாம். சாதாரண வேதியியல், இயற்பியல் அல்லது மருந்தியல் பட்டம், கட்டுப்படியாகும் கல்லூரியில், போதும். சேருவதற்கு முன் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். எந்த நிற ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை மாணவர்கள் தாங்களே இயக்குகிறார்களா, இல்லை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள், ஆசிரியர்களிடம் அல்ல. அப்புறம் முதுநிலை, அதன்பின் முனைவர் ஆய்வு. ஆய்வுக்காலத்தில் உதவித்தொகை கிடைக்கும் இடத்தில் மட்டும்தான் சேர வேண்டும், கைக்காசு போட்டு ஆய்வு செய்யக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலம் பிடிக்கும், ஆரம்பத்தில் சம்பளமும் பெரிதாக இருக்காது. மாமா இதைத்தான் பிடித்துக்கொள்வார். காசு கொடுத்து வாங்கிய சீட்டில் சேர்ந்தாலும் புற்றுநோய் மருத்துவர் ஆக மேற்படிப்பு, அதற்கு மேல் இன்னொரு படிப்பு என்று வருடங்கள் ஓடும், கடன் வட்டியும் கூடவே ஓடும் என்று அவரிடம் சொல்லுங்கள். இந்த ஆய்வு வழியில் பாதியில் மனம் மாறினாலும் மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வேதியியல் பட்டத்துக்கு வேலை உண்டு.

இதை உங்கள் மகளிடம் படிக்கக் கொடுங்கள். மூலக்கூறு செய்வதா, அதைச் சுமந்து போகும் குமிழியா, ஒளியை அளப்பதா, எந்த இடத்தில் அவளுக்கு ஆர்வம் வந்தது என்று அவளே எனக்கு எழுதட்டும். எந்தப் பாடம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.