மோசடி என்று எழுதாதீர்கள், பில்லைக் காட்டுங்கள்

லண்டன் வாசகர் ஒருவர் கேட்கிறார்: இரண்டு வருடத்துக்கு முன் பழம்பொருள் கடையில் 4,200 பவுண்டுக்கு ரோஜா பொறித்த ஒயின் டிகாண்டர் (ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) வாங்கினேன். கண்ணாடி 18ஆம் நூற்றாண்டுதான், ரோஜாவைப் பிற்பாடுதான் வெட்டியிருக்கிறார்கள் என்கிறார் நிபுணர். டிகாண்டரைத் திருப்பிக் கொடுத்தால் 3,300 தருகிறேன், ஆனால் மன்னிப்புக் கேட்க முடியாது என்கிறார் கடைக்காரர். மோசடி வழக்குப் போடலாமா?

வேண்டாம். அவர் சிரித்துச் சிரித்து விற்றது, வீட்டில் நீங்கள் தலைகுனிந்தது எதுவும் வழக்குக்கு உதவாது. நீங்கள் அனுப்பிய பில்லில் 'ஜாக்கோபைட் ரோஜா பொறித்த டிகாண்டர், சுமார் 1750' என்று இருக்கிறதே, அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு. ஜாக்கோபைட்டுகள் என்பவர்கள் அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் ஆதரவாளர்கள், ரோஜா அவர்களின் சின்னம்; ஆக அந்த வரி ரோஜாவும் அந்தக் காலத்தில் பொறித்தது என்கிறது. 'பொறிப்புள்ள 18ஆம் நூற்றாண்டு டிகாண்டர்' என்று மட்டும் எழுதியிருந்தால், கண்ணாடி பழையதுதானே என்று அவர் தப்பியிருப்பார். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்துவர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். விற்றவர் மனதில் என்ன இருந்தது என்று அது கேட்பதில்லை. வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது.

மோசடி என்று எழுதிவிட்டால் அவர் மனதையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். பழைய கண்ணாடியில் புதுப் பொறிப்பு போடுவது இந்தத் துறையில் பழைய வேலை, 19ஆம் நூற்றாண்டில் டப்ளினுக்கு வந்த பொஹீமியக் கலைஞர் ஃபிரான்ஸ் டீட்ஸே அப்படிப் பொறித்தவைகூட அசல் என்றே பல காலம் கை மாறின, ஆகவே எனக்கும் தெரியாது என்று கடைக்காரர் சொன்னால் நீதிபதி நம்புவார். அதைவிட மோசம், 10,000 பவுண்டு வரையிலான தொகைக்கு உள்ள சிறு வழக்குப் பிரிவில் தோற்றாலும் எதிராளியின் வக்கீல் செலவு பொதுவாக நம் தலையில் விழாது, ஆனால் நேர்மையின்மைக் குற்றச்சாட்டு வந்தால் வழக்கை அங்கிருந்து மேல் பிரிவுக்கு மாற்றிவிட வாய்ப்பு அதிகம். கோபத்தில் எழுதிய அந்த ஒரு வார்த்தையால், டிகாண்டர் விலையைவிடப் பெரிய தொகையை எதிர்த்தரப்புக்குக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, டிகாண்டரை மெருகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள், பழைய கீறல்கள் இதழின் ஓரம் வரை வந்து வெட்டுப்பட்டு நின்றால் ரோஜா பிந்தியது என்பதற்கு அதுதான் சாட்சி, மெருகு போட்டால் அதுவும் போய்விடும்.

என்னைக் கேட்டால் 3,300 வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால், கண்ணாடி அசல்தான், இரண்டு வருடம் வைத்திருந்தார் என்று கொஞ்சம் கழிக்கச் சொல்வார்கள், நிபுணர் செலவுக்கும் 750 பவுண்டுக்கு மேல் திரும்ப வராது. மன்னிப்பை எந்த நீதிபதியும் வாங்கித் தரப்போவதில்லை. சமரசத்தை எழுத்தில் வாங்குங்கள், பணம் கணக்கில் ஏறிய பிறகு டிகாண்டரைக் கொடுங்கள்.