மருந்து இலவசம்தானே, பிறகு ஏன் இத்தனை பேர் வைத்தியம் இல்லாமல் இருக்கிறார்கள்?

கேட்டவர் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். மனநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து சும்மாவே கிடைத்தும் பலர் ஏன் வைத்தியத்தில் இல்லை என்கிறார்.

2015-16இல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. 12 மாநிலமும் சேர்த்து, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநோய். மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையில் இல்லை.

‘கோட்டி’ (பைத்தியம்) என்ற பேருக்குப் பயந்துதான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிதான். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வரை வந்து, ஓபி சீட்டு போட்டு, மாத்திரையும் வாங்கிப் போனவர் அடுத்த மாதம் வராமல் போவதைத்தான் நான் பெரிய ஓட்டை என்பேன்.

மனச்சோர்வு மாத்திரை முதல் வாரம் குமட்டும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். தொல்லை முன்னால், பலன் பின்னால். பத்தாம் நாள் நிறுத்திவிட்டு மந்திரிக்கப் போகிறார்கள். போகட்டும், கோயில் கொடைக்கும் போகட்டும். மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு போகட்டும்.

மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தருகிற ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவற்றில் சிலருக்கு முதல் சில நாளில் கழுத்து ஒருபக்கமாக இழுக்கும், கண் மேலே செருகும், நாக்கு தடித்துப் பேச்சு குழறும். பார்க்கிறவர்களுக்குச் சாமியாட்டம் மாதிரியே இருக்கும். அங்கேதான் வைத்தியம் கைமாறிவிடுகிறது. அது மருந்தின் பக்கவிளைவு. பக்கத்து ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டினால் பெரும்பாலும் ஓர் ஊசியில், அரை மணிக்குள் இறங்கும். பிறகு டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது அந்த இழுப்பைத் தடுக்கிற ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரையைச் சேர்ப்பார்.

மனநிலை மாறிமாறி ஏறி இறங்குகிற இருதுருவ நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயிலில் வேலை பார்த்து வியர்த்து, மேல்வலிக்கென்று டைக்ளோபினாக் போட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கைநடுக்கம் கூடி, வயிற்றுப்போக்கும் தள்ளாட்டமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொன்று கூலி. பீடி சுற்றுகிற பெண் பாளையங்கோட்டை போய்வந்தால் அவள் கூலியும் துணைக்கு வந்தவர் கூலியும் போச்சு. அதனால் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுவையுங்கள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, கூடவே இருக்கிற ஒருவர், மூன்றும் வேண்டும். எத்தனை மணி தூக்கம், எப்போதிலிருந்து, குடி உண்டா என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் போனதும் பாதி மறந்துபோகும்.

நோயாளி வரமாட்டேன் என்றால் வீட்டார் 14416இல் டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியை அழைக்கலாம்; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். அடுத்த தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே மாத்திரையை எண்ணுங்கள். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால், எந்த வேளை விட்டுப்போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது மத்தியான மாத்திரையாக இருக்கும்; டாக்டரிடம் சொன்னால் முடிந்தவற்றை ராத்திரிக்கு மாற்றித் தருவார்.