விற்றபின் 25 ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சட்ஃபென் குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். 1890 முதல் ஒரு தீயணைப்பு வண்டித் தொழில் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது வியப்பாக இருந்தது. கூடவே ஏக்கமும் வந்தது. எங்கள் கொள்ளுத்தாத்தா தொடங்கிய பட்டறையை விற்றுவிட அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்திருக்கிறார்கள். நான்காம் தலைமுறைக்காரன் நான். விற்பது முன்னோர்களுக்குச் செய்யும் துரோகம் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். குடும்பத் தொழிலில் இருக்கும் அன்பும் அர்ப்பணிப்பும் பெருநிறுவனங்களுக்கு வருமா? நான் என்ன செய்ய வேண்டும்? தவிர, இலக்கியம் எழுதும் நீங்கள் தீயணைப்பு வண்டிகளில் ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறீர்கள் என்றும் புரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிடித்திருக்கிறது, எழுதுகிறேன்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த லேத் சத்தம் ஒருநாள் நின்றுவிடப் போகிறது என்றால் யாருக்கும் தூக்கம் வராது. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் துரோகம், முன்னோர்கள் என்பதெல்லாம் மேடை வசனம், எஸ். இந்த வயதில் அந்த வசனத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ரத்த உறவு இருந்தால் தொழில் பிழைக்கும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. லண்டனில் சட்டைப் பித்தான் செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் நியூஷாம் 1721இல் தீயணைப்புப் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். 1731இல் நியூயார்க் நகரம் அவரிடமிருந்து இரண்டு பம்புகளைக் கப்பலில் வரவழைத்தது. அப்படிப்பட்டவர் 1743இல் இறந்தார், அடுத்துப் பொறுப்பேற்ற மகனும் விரைவிலேயே போய்ச் சேர்ந்தார். ஜெர்மனியின் உல்ம் நகரத்து மாகிரூஸ் கதை வேறு. கொன்ராட் டீட்ரிஷ் மாகிரூஸ் அந்த நகரத் தீயணைப்புப் படையின் தலைவர். 1864இல் நிறுவனம் தொடங்கினார். சுவரில் சாய்க்காமல் தானே நிற்கும் ஏணியை 1872இல் கொண்டுவந்தார். பிறகு மகன்கள் நடத்தினார்கள். 1930களில் அது ஒரு பெரிய எந்திர நிறுவனத்தோடு இணைந்தது. பெயர் இன்றும் ஏணிகளின் மேல் இருக்கிறது. குடும்பம் போயும் ஏணி நன்றாகவே உயர்கிறது. இதில் துரோகம் யாருடையது?

ஆகவே அன்பையும் அர்ப்பணிப்பையும் நிறுவனங்களின் ஆண்டு விழா மலருக்கே விட்டுவிடுவோம். நான் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தது வேறொன்று. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

ஒரு தீயணைப்பு வண்டி எத்தனை காலம் ஓடும் என்று நினைக்கிறீர்கள்? 15 ஆண்டுகளைக் கடந்த வண்டியை முன்னணியிலிருந்து விலக்கி இருப்பில் வைக்க வேண்டும், 25 ஆண்டுகளைக் கடந்ததை மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் பரிந்துரை. சிற்றூர்களில் அதற்கு மேலும் ஓட்டுகிறார்கள். அங்கே பெரும்பாலான படைகள் தன்னார்வலர்களுடையவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பான்கேக் சுட்டு விற்றுக்கூடப் பணம் சேர்ப்பார்கள். இன்று ஒரு பம்பு வண்டி ஏறத்தாழ 10 லட்சம் டாலர், ஏணி வண்டி அதைப் போல இரு மடங்கு. அப்படி ஓர் ஊர் ஒரு வண்டி வாங்கிவிட்டால் அடுத்ததை வாங்குவது அனேகமாக அடுத்த தலைமுறைதான்.

அந்த வண்டி ஒன்று போல் இன்னொன்று இருக்காது. நிலையக் கதவின் உயரம், குழாய் மடித்து வைக்கும் தட்டு, எந்தப் பெட்டியில் எந்தக் கருவி என்று எல்லாம் அந்த ஊருக்காக வரைந்து செய்தவை. வேலை நடக்கும்போதே படைவீரர்கள் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்துத் திருத்தச் சொல்வார்கள். பத்தொன்பதாவது ஆண்டில், நள்ளிரவில், பம்பின் வால்வு ஒன்று உடைகிறது. அதன் வரைபடம் யாரிடம் இருக்கிறது? தொலைபேசியை யார் எடுப்பார்கள்?

இதுதான் என் கேள்வி. திரும்பத் திரும்ப இதையே கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரின் கணக்கு 25 ஆண்டு. விற்பவரின் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிகிறது என்றால், அந்த இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை.

பென்சில்வேனியாவில் நெஸ்குஹோனிங் என்று ஒரு நிலக்கரி ஊர். 1946இல் கோவாச் குடும்பம் அங்கே வாகனப் பழுதுக்கூடம் ஒன்றைத் திறந்தது. அதுதான் பின்னாளில் கேஎம்இ என்ற பெயரில் தீயணைப்பு வண்டி செய்தது. 2016இல் குடும்பம் ரெவ் குழுமத்துக்கு விற்றது. இ-ஒன், ஃபெராரா, ஸ்பார்ட்டன் என்று பெயர்பெற்ற வண்டி நிறுவனங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்ட குழுமம் அது, அப்போது அதன் பின்னால் ஒரு முதலீட்டு நிறுவனம் இருந்தது. 2022இல் நெஸ்குஹோனிங் ஆலை மூடப்பட்டது. உற்பத்தி ஃபுளோரிடாவுக்கும் லூசியானாவுக்கும் போனது. விற்ற குடும்பத்தை நான் குறை சொல்லமாட்டேன், விலை வந்தது, விற்றார்கள். எனக்கு வலிப்பது ஆலை மூடிய நாளில் எங்கோ ஒரு நிலையத்தில் ஆறு வயதேயான வண்டியோடு நின்றவர்களை நினைக்கும்போதுதான்.

அமெரிக்கன் லாஃபிரான்ஸ் இன்னும் மோசம். 1873இல் தொடங்கிய பெயர். கை மாறிக் கை மாறி ஒரு முதலீட்டாளரிடம் வந்து சேர்ந்து, 2014 ஜனவரியில் திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டது. உதிரிபாகத்துக்கு எங்கே போவது என்று அவர்களுடைய வண்டி வைத்திருந்த ஊர்களெல்லாம் திகைத்தன.

இப்போது விலையும் காத்திருப்பும் அங்கே பெரும் சண்டையாகிவிட்டன. ஓர் ஆண்டு அளவில் கிடைத்த வண்டிக்கு மூன்று, நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கம் ஏகபோக விசாரணை கேட்டது. 2025 செப்டம்பரில் செனட் குழு ஒன்று நிறுவனத்தாரை அழைத்துக் கேள்வி கேட்டது. கொரோனாக் காலப் பாகத் தட்டுப்பாடு, ஒரேயடியாகக் குவிந்த ஆர்டர்கள் என்று நிறுவனங்கள் காரணம் சொல்கின்றன. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

சரி, சட்ஃபென் மட்டும் எப்படி நிற்கிறது? நீங்கள் பாசம் என்பீர்கள். நான் வெட்கம் என்பேன். ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் இண்டியானாபொலிஸில் தீயணைப்பாளர்களின் பெரிய மாநாடு கூடுகிறது. ஏதோ ஓர் ஊரின் படைத்தலைவர் நேரே வந்து, உன் தாத்தா விற்ற வண்டியின் வால்வுக்கு எட்டு மாதமா என்று முகத்துக்கு நேரே கத்தலாம். வண்டியின் மூக்கில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயர் கொண்ட மனிதர் அங்கே நின்று அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். பங்குகளை வைத்திருப்பவரை அப்படித் திட்ட முடியாது, அவர் அந்த அரங்கிலேயே இருக்கமாட்டார். இந்தப் பயம் ஒழுங்காக வேலை செய்தால் போதும், அன்பு வேண்டியதில்லை. பயமில்லாத வாரிசுகளும் உண்டு. அவர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பெருநிறுவனத்தைவிடக் கேவலமாக நடப்பார்கள். உங்கள் கடிதத்தில் கொள்ளுத்தாத்தா இருக்கிறார், அப்பா, சித்தப்பா, நான்காம் தலைமுறையான நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். பட்டறையில் பொருள் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பழைய ஆர்டர் நோட்டுகளை எடுத்து உட்காருங்கள். உங்கள் பட்டறைப் பொருள் இன்னும் யாரிடமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். வாங்க வருபவரிடம் அதைக் கொடுத்து, இவர்களுக்கு எத்தனை ஆண்டு பாகம் தருவாய் என்று எழுத்தில் கேளுங்கள். வரைபடங்களின் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்பாவோடு சண்டை போடுவதாக இருந்தால் இதற்காகப் போடுங்கள்.