வகுப்பறையில் ஆங்கிலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 44 பிள்ளைகள். கேள்வி பதில் எல்லாம் மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் மொத்த வகுப்பும் தலையைக் குனிந்துகொள்கிறது. என்ன செய்யலாம் அம்மா?

பதில்: குனிவதற்குக் கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர்கள் பேச வேண்டிய அவசியமே நம் வகுப்பில் இல்லை என்பது. ஒரு வருடமாக நமக்குத் தெரிந்த பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்கிறோம், அதற்கு அவன் என்னதான் ஆர்வமாகப் பதில் சொல்வான்? அவனுக்குத் தெரியாததைப் பக்கத்திலிருப்பவனிடம் கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் வாய் தானாகத் திறக்கும்.

நான் பல வருடமாகச் செய்துவரும் ஒரு பாடத்தைச் சொல்கிறேன். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கடற்கரை, எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, தாம்பரம் என்று ஏழு ஸ்டேஷன், நான்கு ரயில், கட்டம் போட்டு ஒரு அட்டவணை தயார் செய்யுங்கள். நேரங்களை நீங்களே போட்டுக்கொள்ளலாம், நிஜ நேரம் தேவையில்லை. இப்போது அதையே இரண்டு தாளாக எழுதுங்கள். முதல் தாளில் பாதி நேரங்கள் காலி, அந்தப் பாதி இரண்டாம் தாளில் இருக்கும். பெஞ்சில் இருவர் இருவராக, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வையுங்கள். ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடாது, கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். "வாட் டைம் டஸ் டிரெயின் டூ ரீச் கிண்டி?" இந்த ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதிவைத்தால் போதும். ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு பிள்ளையும் பத்துப் பதினைந்து தடவை சொல்லிவிடும், அதுவும் மனப்பாடம் செய்கிறோம் என்று தெரியாமலே.

நிரப்பி முடித்ததும் ஒரு கணக்குப் போடுங்கள்: சைதாப்பேட்டையில் இருக்கும் அக்கா காலை ஒன்பது மணிக்குள் கடற்கரை ஸ்டேஷனில் இருக்க வேண்டும், தம்பியை மாம்பலத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும், எந்த ரயில்? இங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். "நோ நோ, தட் டிரெயின் நாட் ஸ்டாப் மாம்பலம்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கத்துவான். அதில் 'டஸ்' இல்லை என்று அந்த நேரத்தில் தயவுசெய்து திருத்தாதீர்கள். வருடம் முழுக்கப் பேசாத பையன் ஆங்கிலத்தில் வாதாடுகிறான், அதைக் கெடுக்கலாமா? தவறைக் குறித்து வைத்துக்கொண்டு, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி எல்லோரையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் நம் தமிழ்நாட்டிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் செய்து பார்த்த முறை இது. இலக்கணத்தைத் தனியாக நடத்தாமல் ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து யோசிக்க வைத்தார்கள். கவனம் முழுக்க விஷயத்தில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. இன்று உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் இதைப் பேசுகிறார்கள். நம் வகுப்பறைகளில் தொடங்கிய விஷயம் நம் ஆசிரியர்கள் பலருக்கே தெரியவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்புறம் இன்னொன்று. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். 1970களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அவர்கள் தாய்மொழியிலேயே அப்படியென்றால், தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றும் நம் பிள்ளைக்கு எத்தனை வினாடி வேண்டும்!

சத்தம் வரும், 44 பேர் ஒரே நேரத்தில் பேசினால் வரத்தான் செய்யும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மாணவர்கள் புத்தகத்தில் ஆங்கில வார்த்தைகளுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்துப் படிக்கிறார்கள். தடுப்பதா, விடுவதா? (ஆசிரியை, கொளத்தூர்)

பதில்: திட்டித் தடுக்க வேண்டாம், படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அது எங்கே கைவிடும் என்று காட்டிவிடுங்கள். பலகையில் 'பேட்' என்று தமிழில் எழுதி, இது என்ன என்று கேளுங்கள். கிரிக்கெட் மட்டை என்பான் ஒருவன். பரீட்சை அட்டை என்பாள் ஒருத்தி. கெட்டது என்பான் இன்னொருவன். தட்டிக்கொடுப்பது என்று யாராவது சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு சபாஷ். நான்கும் சரிதான். நம் எழுத்தில் 'ப'வும் 'ட'வும் இரண்டிரண்டு ஒலிக்கு வேலை செய்கின்றன, ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து. இப்போது நான்கு வார்த்தைகளையும் ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொன்றாகச் சொல்லி, எது என்று விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு காட்டச் சொல்லுங்கள். முதலில் காது பழகட்டும், வாய் பின்னால் வரும். நான்கைந்து நாள் இப்படி விளையாடினால் பென்சில் எழுத்து போதாது என்று அவர்களுக்கே புரியும்.

கேள்வி: ஆங்கில வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் பேசினாலும் அபராதம் என்று எங்கள் நிர்வாகம் சொல்கிறது. இது சரியா?

பதில்: சரியில்லை. அபராதத்துக்குப் பயந்த பிள்ளை ஆங்கிலம் பேசாது, பேசாமலே இருந்துவிடும்.

தமிழை வைத்து ஆங்கிலத்தை விளக்குவதுபோல் வேகமான வழி வேறில்லை. 'பூனை எலியைத் துரத்தியது', 'எலியைப் பூனை துரத்தியது' இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் 'ஐ' என்ற உருபு எலியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டும் உருபு இல்லை, நிற்கும் இடம்தான் எல்லாம். மூன்று பிள்ளைகளிடம் 'தி கேட்', 'சேஸ்ட்', 'தி ரேட்' என்று மூன்று அட்டைகளைக் கொடுத்து வரிசையாக நிற்க வையுங்கள். முதல் ஆளையும் கடைசி ஆளையும் இடம் மாற்றினால் எலி பூனையைத் துரத்த ஆரம்பித்துவிடும். வகுப்பே சிரிக்கும். நிர்வாகத்தினர் யாரையாவது அன்று வகுப்பில் உட்காரக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பெரும்பாக்கத்தில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாரம் இரண்டு மாலை ஆங்கிலம் சொல்லித்தர ஆசை. பள்ளிப் பாடப்புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து உட்காரும் ஒரு அம்மாவிடம் 'ஏ ஃபார் ஆப்பிள்' சொன்னால் மறுவாரம் வரமாட்டார்.

முதல் மாலை நீங்கள் எதையும் சொல்லித்தராதீர்கள். அவர்கள் தினமும் சொல்கிற ஆங்கில வார்த்தைகளைக் கேட்டு, ஒரு பெரிய தாளில் எழுதிக்கொண்டே போங்கள். கேஸ், லீவு, அட்வான்ஸ், பேலன்ஸ், லிஃப்ட், வாட்ச்மேன், மிக்ஸி, ரீசார்ஜ், டோக்கன் என்று ஒரு மணி நேரத்தில் தாள் நிரம்பிவிடும். "இவ்வளவும் நமக்கு ஏற்கெனவே தெரியுமா?" என்று முகம் மலர்வதைப் பார்க்கவே போகலாம். இரண்டாம் மாலை அதே வார்த்தைகளை வாக்கியமாக்குங்கள்: "ஐ நீட் லீவ் டுமாரோ." "தி டேப் இஸ் லீக்கிங்." "தேர் இஸ் பேலன்ஸ், மேடம்." நம் 'கரண்ட் போச்சு'க்கு ஆங்கிலத்தில் 'பவர்' என்பார்கள், அந்த மாதிரி சின்ன மாற்றங்களை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகலாம்.

மூன்றாம் மாலைக்கு மறுப்பு வாக்கியங்களை வைத்துக்கொள்ளுங்கள். "ஸாரி, ஐ கான்ட் கம் ஆன் சண்டே." இதைத் தயங்காமல், குரல் தாழாமல் சொல்லப் பழக வேண்டும். இருவரை எழுப்பி, ஒருவர் வீட்டுக்கார அம்மாவாகவும் ஒருவர் வேலைக்கு வந்தவராகவும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு ஆளை மாற்றுங்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், மாதம் எத்தனை நாள் லீவு, இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் கேட்கத் தெரியும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம். நோட்டு வாங்கி வரச் சொல்லாதீர்கள், எல்லாவற்றையும் அவர்கள் போனிலேயே அவர்கள் குரலில் பதிவு செய்து கொடுங்கள், பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்வார்கள்.