நெரிசலில் நிற்பவரிடம் என்ன விற்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீதியில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களை வைத்துச் சம்பாதிப்பது பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதப்போய், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் எழுத ஏலாது. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குச் சொல்கிறேன், மற்றவர்களும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் கடவையில் கேற் பூட்டியிருக்கும் நேரம் மோர் விற்கலாமா? (கொக்குவில்)

விற்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. எங்கள் யாழ்ப்பாணப் பாதையில் ஒரு நாளைக்கு ஓடுகிற ரயிலைக் கைவிரலில் எண்ணிவிடலாம், கேற் பூட்டினால் ஐந்து நிமிடம், அந்த ஐந்து நிமிடத்திலும் மோட்டார் சைக்கிள்காரர் கேற்றுக்குக் கீழால் எப்படிப் புகுந்து போவது என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் கடை வைத்திருந்தால் கூடுதலாக இதையும் செய்யுங்கள். தண்டவாளத்துக்குக் கிட்டப் போகவேண்டாம்.

நெரிசலில் நிற்பவர்களுக்கு வித்தியாசமான சேவை ஏதாவது செய்ய விருப்பம். என்ன செய்யலாம்? (மானிப்பாய்)

எந்த வீதி, எத்தனை மணி, கையில் எவ்வளவு காசு? ஒன்றும் எழுதவில்லை. "சுகமில்லை, மருந்து தாருங்கோ" என்று டொக்டருக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் அவர் என்ன செய்வார்? ஒரு கொப்பியும் மணிக்கூடும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் ஒரே சந்தியில் நில்லுங்கள். வாகனம் எத்தனை நிமிடம் நிற்கிறது, நிற்பவர் அந்த நேரம் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

சீனாவில் நெரிசலில் மாட்டிய காரை வேறொருவர் வந்து ஓட்டிக் கொடுப்பார்களாமே, இங்கே எடுபடுமா? (நெல்லியடி)

அங்கே அப்படிச் செய்தவர்கள் இருந்தது உண்மைதான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் காரை வாங்கிக்கொள்வார், மற்றவர் கார்க்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் புகுந்து பறப்பார். ஆனால் அது மணிக்கணக்கில் அசையாத வீதிக்குச் செய்த தொழில். எங்கள் ஆஸ்பத்திரி வீதியில் பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவுதான் இறுகினாலும் இருபது நிமிடம், உங்கள் ஆட்கள் வந்து சேர முன்னமே அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். கொழும்பில் காலி வீதிப் பக்கம் யோசிக்கலாம். யோசிக்க முன்னம், வேறு ஆள் ஓட்டி இடித்தால் காப்புறுதி என்ன சொல்கிறது என்று பத்திரத்தை வாசியுங்கள்.

வேறு நாடுகளில் காரில் கூட இருந்து போவதற்கே சம்பளம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இங்கே ஆரம்பிக்கலாமா? (உரும்பிராய்)

நீங்கள் பார்த்த வீடியோ பழசு. ஜகார்த்தாவில் 1992இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், நெரிசல் நேரத்தில் பெரிய வீதிகளில் காருக்குள் மூன்று பேராவது இருக்கவேண்டும். உடனே வீதியோரம் வாடகைக்குப் பயணிகள் முளைத்துவிட்டார்கள், ஜோக்கி என்று பெயர். கைக்குழந்தையோடு நின்றால் இரண்டு தலைக் கணக்கு. 2016இல் சட்டத்தை எடுத்தார்கள், தொழிலும் அன்றோடு சரி. எங்களுக்கு இது புதுக் கதையா? 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபா விற்ற காலத்தில், பெற்றோல் செட்டு வாசலில் ஆளுக்குப் பதில் வரிசையில் நின்று காசு வாங்கினவர்கள் எத்தனை பேர்! பெற்றோலை அளந்து பங்கிடக் கியூஆர் முறை வந்து வரிசை கரைந்ததும் அவர்களும் வேறு வேலை பார்க்கப் போனார்கள். அரசாங்கம் போட்ட முடிச்சில் தொங்குகிற தொழில், அவர்கள் முடிச்சை அவிழ்க்கும்வரைதான்.

நிற்பவருக்கு வேறு வழியில்லைதானே, தண்ணிப் போத்தலுக்கு எவ்வளவு கூட்டி விற்கலாம்? (திருநெல்வேலி)

ஒரு சதமும் கூட்ட வேண்டாம். போத்தலில் விலை அடித்திருக்கிறது, அதற்கு மேல் விற்றால் பாவனையாளர் அதிகாரசபை வழக்குப் போடும். 2010இல் பெய்ஜிங் பக்கம் பத்து நாளுக்கு மேல், நூறு கிலோமீற்றர் அளவில் லொறிகள் நின்றபோது ஊர்ச்சனம் நூடில்ஸைப் பல மடங்கு விலைக்கு விற்றது. அந்த லொறிக்காரன் திரும்பி வரமாட்டான். பலாலி வீதியில் இன்று நிற்கிற ரீச்சர் நாளைக்கும் அதே இடத்தில் நிற்பா. விலை கூட்டத்தான் வேண்டுமென்றால் நீங்களே செய்கிற பொருளில் கூட்டுங்கள்.

நெரிசலில் நிற்பவர்கள் சாப்பாடு, வாகனத் தரிப்பிடம் எல்லாம் தேட ஒரு ஆப் செய்யப்போகிறோம். கனடாவில் இருக்கிற சித்தப்பா முதல் போடுகிறார். உங்கள் ஆலோசனை? (கோண்டாவில்)

இந்த ஆப் கதையை இந்த மாதம் மட்டும் எட்டோ ஒன்பதோ பேர் எழுதிவிட்டார்கள், எல்லாருக்கும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ வெளியில் இருக்கிறார். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நானும் செய்தவன். சில வருடங்களுக்கு முன்னம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் வாகனம் விட இடம் தேடி அலைகிறார்களே, வீட்டு வளவுகளை ஆப்பில் காட்டினால் ஆளுக்கு ஐம்பது நூறு வருமே என்று கணக்குப் போட்டு, ஒரு கம்பனிக்கு மூன்று லட்சம் அளவில் கொடுத்தேன். கொடி ஏறி ஒரு கிழமை கழித்துத்தான் ஆப் வந்தது. தேர் அன்று அந்தச் சனத்துக்குள் போன் வேலை செய்யவில்லை. செய்திருந்தாலும் என்ன, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அர்ச்சனைத் தட்டு, யார் ஆப் இறக்குவான்? அடுத்த வளவுப் பெடியன் ஒரு சிவப்புத் துணியைத் தடியில் கட்டிக்கொண்டு "இஞ்ச விடுங்கோ, இஞ்ச விடுங்கோ" என்று கத்தினான். பின்னேரத்துக்குள் வளவு நிரம்பிவிட்டது. அவனுடைய முதல் ஒரு கயிறும், இலக்கம் எழுதின மட்டைத் துண்டுகளும். எனக்குத் திருவிழா முடியும்வரை வந்த வருமானம் கம்பனிக்காரருக்குப் போன் எடுத்த காசுக்கும் காணாது.

கொழும்பில் ஆப் ஓடுகிறதே என்பீர்கள். ஓடும், அங்கே சனத்தொகையும் வேறு, தூரமும் வேறு. இங்கே முதலில் துணியும் தடியும். ஒரு வருடம் கையால் செய்து, வருகிற ஆட்களைச் சமாளிக்க ஏலாமல் போனால் அப்போது ஆப்பை யோசியுங்கள். இதற்கும் அதே கொப்பி, மணிக்கூடு, மூன்று நாள். சித்தப்பாவின் காசு பனியில் நின்று உழைத்த காசு, அதையும் ஒருக்கா நினையுங்கோ. வளவு திறக்க முன்னம் மாநகர சபையிலும் கேளுங்கள்.

மோட்டார் சைக்கிளில் போய், காற்றுப் போன ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக் கொடுக்கும் சேவை? (சாவகச்சேரி)

வந்த கடிதங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளத்துக்குள் நின்றுபோகிற மோட்டார் சைக்கிள்களுக்குப் பிளக் கழற்றித் துடைக்கவும் பழகிக்கொள்ளுங்கள். கைப்பம்பி, பழைய ரியூப், பிளக் சாவி, ஒரு மழைக்கோட்டு, இவ்வளவும் போதும். வேலையை வீதிக்கரையில் இறக்கிவைத்துச் செய்யுங்கள், நடு வீதியில் குந்தவேண்டாம்.

ஏ9 வீதியில் எங்களுக்குக் காணி இருக்கிறது. பஸ்காரருக்கு என்ன செய்யலாம்? (பளை)

சுத்தமான மலசலகூடம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் கும்பிட பஸ் நிற்பதால் கச்சான் விற்று எத்தனை குடும்பம் வாழ்கிறது என்று பாருங்கள். அங்கே பஸ்ஸைப் பிள்ளையார் நிறுத்தித் தருகிறார், உங்களுக்கு அந்த வசதி இல்லை, சாரதிகளோடு நீங்களே கதைக்கவேண்டும். தண்ணீரும் கழுவுவதற்கு முழுநேர ஆளும் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம், ஒரு நாள் நாறினால் அடுத்த நாள் பஸ் நிற்காது.

நெரிசலில் நிற்பவர்களுக்குப் போனில் ராசிபலன் சொன்னால் காசு தருவார்களா? (இணுவில்)

அரைமணித்தியாலம் வெயிலில் நிற்பவனுக்கு அன்றைய பலன் ஏற்கெனவே தெரியும்.